மாவுச் சல்லடையில் வந்த நாற்பத்து மூன்று பேர்

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கு முழங்கால் உடைந்ததோடு போயிற்று. தெருவே திரண்டு வந்து பார்த்தது. வந்தவர்களில் பாதிப் பேர் நலம் விசாரிக்க வந்தார்கள். மீதிப் பேர் எப்படி விழுந்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்க வந்தார்கள். இனி சாரம் ஏறினால் இன்னொரு காலும் கணக்கில் சேரும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் சுவர் பூசிய மனுஷன் வீட்டில் உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரில் பூச்சு எங்கெங்கே புடைத்திருக்கிறது என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அவர் மனைவிக்குத் தெருமுனையில் மாவுக்கடை. அரைத்து, சலித்து, எடை போட்டுக் கொடுப்பாள். அவளிடம் வாராவாரம் மாவு வாங்கும் ஒரு அம்மாவின் புருஷன், ஊர்க் கடற்கரையில் இருக்கும் மணல்வாழ் சிற்றுயிர்க் கணக்கெடுப்பு நிறுவனத்தில் கண்காணிப்பாளர். இரண்டு வாரம் அந்த அம்மாவுக்குத் தராசு கொஞ்சம் தாராளமாகவே சாய்ந்தது. மூன்றாவது வாரம் கொத்தனாருக்கு 'தற்காலிகச் சல்லடை உதவியாளர், இரண்டாம் நிலை' என்று ஒரு தாள் வந்தது. முதல் நிலை யார் என்று விசாரித்ததில், அப்படி ஒருவர் இல்லை, இருந்ததும் இல்லை என்று தெரிந்தது. தொண்ணூறு நாள் இரண்டு புகார்க் குறிப்பு விழாமல் வேலை பார்த்தால் நிரந்தரம்.

"தொண்ணூறே நாள். வாயைத் திறக்காம இருங்க. உங்களால முடியாததில்ல, ஆனா முடிஞ்சு நான் பார்த்ததில்ல" என்று சொல்லி அனுப்பினாள் மனைவி.

நிறுவனம் நான்கு மாடி. கடலைப் பார்த்த பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. உப்புக்காற்று பட்டால் கோப்பு வைக்கும் அலமாரிகள் துருப்பிடிக்குமாம். அறுபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். மணலுக்குள் வாழும் புழு, பூச்சி, மட்டி, பொடி நண்டு இவற்றையெல்லாம் எண்ணுவதற்காகத் தொடங்கிய நிறுவனம் அது. தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. இதுவரை எண்ணியது பூஜ்யம். ஒரு புழு கிடையாது.

வேறு இடமாக இருந்தால் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். இங்கே முகப்பிலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்: 'ஒன்பது ஆண்டுகள், ஒரே முடிவு.' அந்த முடிவை வைத்துக்கொண்டே ஒரு முழு மாடி பிழைத்தது. மூன்றாம் மாடியில் இன்மைத் துறை. உயிரினம் ஏன் இல்லை என்று ஆராய்வது அதன் வேலை. அதன் தலைவர் வெளிநாடுகளுக்கெல்லாம் போய் இல்லாததைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவர். கடற்கரையில் நாள் முழுக்கப் பறவைகள் ஓடியோடி மணலைக் கொத்துகின்றனவே என்று யாரோ கேட்டதற்கு, அவை அலகைச் சுத்தம் செய்துகொள்கின்றன என்று நாற்பது பக்கம் எழுதிப் பரிசு வாங்கியிருந்தார்.

முதல் நாள் காலை பதினொன்றரை மணிக்குக் கொத்தனாரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். கண்காணிப்பாளர், குடை பிடிக்க ஒருவர், நாற்காலி தூக்க ஒருவர், கொடி நட இருவர், பதிவேட்டோடு பதிவாளர் அம்மா. அம்மா ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. எந்நேரமும் கைப்பையில் ஏதாவது தேடிக்கொண்டிருப்பார்.

அலையிலிருந்து நூறு அடி தள்ளி, நாற்காலி ஆடாமல் நிற்கும்படியான காய்ந்த மணலில் நின்றார்கள். சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. நான்கு மூலைக்கும் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கிக் கொடி கட்டினார்கள். பிறகு கண்காணிப்பாளர் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார்.

"விசில் எதுக்குங்க சார்?"

"கணக்கெடுப்பு ஆரம்பிக்குதுன்னு அறிவிக்கணும்ல. சொல்லாம கொள்ளாம போய் எண்ணினா முறையா இருக்குமா?"

"யாருக்கு அறிவிக்கறோம்?"

"சம்பந்தப்பட்டவங்களுக்கு."

விசில் சத்தத்துக்குத் தூரத்தில் நின்ற பறவைகள் பறந்தன. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு நண்டுகளும் வளைக்குள் பாய்ந்தன. நண்டு போன திசையைக் கொத்தனார் கையால் காட்டினார். கண்காணிப்பாளர் திரும்பிப் பார்க்கவில்லை. கொடிக்கு வெளியே நடப்பது இன்னொரு பிரிவின் கீழ் வருமாம்.

அப்புறம் சல்லடை வந்தது. அதைக் கையில் வாங்கியதும் கொத்தனார் அதன் துளையில் விரலை விட்டுப் பார்த்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் சல்லடை ரகம் சொல்லக்கூடிய கை அது. சுண்டுவிரல் தாராளமாக நுழைந்து வெளியே வந்தது.

"சார், இது ஜல்லி சலிக்கிறதுங்க."

"நிறுவனத்தோட சல்லடை. ஒன்பது வருஷமா இதுதான்."

"இதுல நண்டு குடும்பத்தோட விழுந்து போயிடுமே சார்."

"விழுந்து போனா அது நம்ம வரம்புக்குள்ள வரலைன்னு அர்த்தம். சல்லடையில நிக்கிறதுதான் உயிரினம். கையேட்டுல தெளிவா இருக்கு. மூணு தடவை ஆட்டுங்க."

மூன்று தடவை ஆட்டினார். மணல் மொத்தமும் அடியில் கொட்டியது. ஒரு பாட்டில் மூடி மட்டும் நின்றது. "உயிரினம் இல்லை!" என்று கண்காணிப்பாளர் உரக்கச் சொன்னார். பதிவாளர் அம்மா டிக் அடித்தார். கொத்தனார் எட்டிப் பார்த்தார். எழுத வேண்டிய கட்டத்தில் 'இல்லை' என்பது முன்கூட்டியே அச்சாகியிருந்தது.

"தினமும் எழுதி எழுதி எனக்கு மணிக்கட்டு வலி வந்துடுச்சு கொத்தனாரே. அதான் கருணை காட்டி அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க" என்றார் அம்மா.

மனைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் கொத்தனார். எண்பது நாள் ஜல்லிச் சல்லடையை ஆட்டினார். எண்பது நாளும் பேசாமல் வீடு திரும்பினார். எதிர்வீட்டுச் சுவரைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. என்னமோ ஆகிவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர்களே பயந்து போனார்கள்.

எண்பதாம் நாள் மாலை அவர் பெயரில் ஒரு குறிப்பு வந்தது. ஒரு நாள் தவறுதலாக நான்காவது முறை ஆட்டிவிட்டாராம். அதில் எழுதியிருந்தது: 'இவருக்குச் சலிக்கத் தெரியவில்லை. பயிற்சி தேவை.'

அதை அவர் மூன்று தரம் படித்தார். விழுந்தபோதுகூட அப்படி ஒரு வலி இல்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, கடையிலிருந்த மெல்லிய மாவுச் சல்லடையை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எண்பத்தொன்றாம் நாள் கொடி நட்டு விசில் ஊதும் வரை காத்திருந்தார். பிறகு மண்வெட்டியோடு விந்தி விந்தி அலைப் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க? அங்க போகக் கூடாது! காலணி நனையுற இடத்துல அலுவலகப் பணி கிடையாது!" என்று கண்காணிப்பாளர் கத்தினார்.

கொத்தனார் செருப்பைக் கழற்றி வைத்தார். நனைய இனிக் காலணி இல்லை. அலை ஏறி இறங்கும் இடத்தில் ஒரு மண்வெட்டி அள்ளி மாவுச் சல்லடையில் போட்டு, அடுத்த அலையில் முக்கி, ஒரே ஒரு சுழற்று. அந்தச் சுழற்றைப் பார்த்திருக்க வேண்டும். கட்டடம் கட்டுகிறவர்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள். மணல் கரைந்து இறங்கியது. சல்லடை முழுக்கப் பொடி நண்டுகள் நெளிந்தன.

கட்டைவிரல் நகம் அளவில், முட்டையை நெடுக்குவாட்டில் பிளந்து கவிழ்த்த மாதிரி ஓடு. ஓட்டுக்கு அடியில் பரபரவென்று கால்கள். ஒரு பிடி அள்ளினால் ஒவ்வொன்றும் உள்ளங்கையைத் தோண்டி உள்ளே போகப் பார்த்தது, அதுவும் பின்பக்கமாக. பெரியதெல்லாம் பெண், வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை மூட்டை. ஆண்கள் அரிசிமணி அளவுதான். வீட்டுக்காரியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு போகிற ஜாதி.

"இருக்கு!" என்று கொத்தனார் கத்தினார். "நாப்பத்து மூணு இருக்கு!"

குடை பிடித்தவர் குடையை மூடினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. பதிவாளர் அம்மா படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"சார், 'இருக்கு'ன்னு போட இதுல இடமே இல்லையே" என்றார்.

நாற்பத்து மூன்றையும் கடல்தண்ணீரும் மணலுமாக ஒரு வாளியில் போட்டுக்கொண்டு நிறுவனத்துக்கு வந்தார்கள். வாசலிலேயே தடை. வாயிற்காவலர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவங்கள்லாம் ஊழியர்களா?"

"இல்லப்பா."

"அப்போ பார்வையாளர். ஆளுக்கு ஒரு அனுமதிச் சீட்டு போடணும். பேரு, வந்த காரணம், யாரைப் பார்க்கணும்."

கொத்தனார் உட்கார்ந்து நாற்பத்து மூன்று சீட்டு எழுதினார். வந்த காரணம் என்ற இடத்தில் 'வரவில்லை, அழைத்து வரப்பட்டது' என்று எழுதினார். யாரைப் பார்க்க என்பதற்கு 'இயக்குநர்'. காவலர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுக் கடைசியில் பென்சிலால் ஒரு பெண்ணின் வயிற்றைக் காட்டினார்.

"இந்த முட்டைங்க கணக்குல வருமா?"

"பொறக்கலையேப்பா."

"உள்ள இருக்கும்போது பொறந்துட்டா? சீட்டு இல்லாம உள்ள வந்த மாதிரி ஆயிடும். பொறுப்பு என் தலையில."

எந்த முட்டையும் அலுவலக வளாகத்துக்குள் பொரியாது என்று கொத்தனார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே கதவு திறந்தது. வாளியைப் பார்வையாளர் அறையில் வைத்தார்கள். மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் சூடாகிக்கொண்டே வந்தது. மணிக்கு ஒரு தரம் கொத்தனார் காலை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய்ப் புதுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரில் யாரும் புதிதாக வரவில்லையே என்று காவலர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. நடுவில் இயக்குநர், பக்கத்தில் இன்மைத் துறைத் தலைவர், ஓரத்தில் தன் தலை தப்பினால் போதும் என்ற முகத்தோடு கண்காணிப்பாளர். வாளியை மேஜைமேல் வைத்து அடியில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தார்கள். கொத்தனார் நின்றார், முழங்கால் கெஞ்சியது.

"நீங்க அதை முதல்ல பார்த்தீங்களா, அது உங்களை முதல்ல பார்த்ததா?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஒரே நேரத்துலதான் சார்."

"சாட்சி?"

"பறவைங்க இருந்துச்சு சார். அதுங்க இதைத்தான் திங்குது."

இன்மைத் துறைத் தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, எப்படிப் பேசறார்! நான் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். உயிரினம் இல்லாததுக்கு நாலு காரணம் கண்டுபிடிச்சிருக்கேன். இப்போ இவர் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவார். அந்த நாலு காரணமும் எங்க போகும்? இருபத்தொரு பேர் என் துறையில வேலை பார்க்கிறாங்க. இல்லாதது திடீர்னு இருந்துட்டா, அத்தனை பேரும் இல்லாம போயிடுவாங்களே!"

இயக்குநர் கையை உயர்த்தி அவரை அமர்த்திவிட்டு, கொத்தனாரிடம் வாஞ்சையாகப் பேசினார்.

"உங்க ஆர்வம் புரியுது. ஆனா யோசிங்க. கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமா? கடற்கரையில விளையாடற குழந்தைகூட வாளி நிறையக் கண்டுபிடிக்கும். அறுபத்திரண்டு பேரை வெச்சுக்கிட்டு ஒன்பது வருஷம் ஒண்ணைக்கூட கண்டுபிடிக்காம ஒரு நிறுவனத்தை நடத்திப் பாருங்க. அதுக்குத்தான் நிர்வாகத் திறமை வேணும்."

வாளிக்குள் எட்டிப் பார்த்தவர், "ஏன் எல்லாம் பின்னாடியே போகுது?" என்றார்.

"அதுங்களுக்கு முன்னாடி போகத் தெரியாது சார். பின்னாடி போய்ப் புதையறது மட்டும்தான் தெரியும்."

"நல்ல ஒழுங்கு" என்றார் இயக்குநர், கொஞ்சம் பொறாமையோடு.

குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. முடிவைக் கண்காணிப்பாளர் படித்தார். உயிரினங்கள் மாவுச் சல்லடையில் காணப்பட்டன. மாவுச் சல்லடை நிறுவனத்துக்குச் சொந்தமானது அல்ல. உதவியாளரின் மனைவியின் மாவுக்கடையிலிருந்து வந்தது. எனவே மேற்படி நாற்பத்து மூன்றும் மாவில் இருந்த வண்டுகள். உதவியாளர் இதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், இன்றே நிரந்தரம். மறுத்தால், பணியிடத்தில் பூச்சி கொண்டுவந்த குற்றத்துக்காக நீக்கம்.

"வீட்டுல கேட்டுட்டு வர்றேன் சார்" என்றார் கொத்தனார். நியாயமான பதில்தான். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது நியாயம் எடுபடவில்லை.

"வண்டா? என் மாவுலயா?" அவள் குரல் மூன்று வீடு தாண்டியது. மூன்று வீட்டிலும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தார்கள். "கால் வெச்ச வண்டு! முட்டை மூட்டை கட்டின வண்டு! நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்குச் சுகாதாரத்துக்காரன் கடைக்குச் சீல் வைப்பான். இந்தத் தெருவுல ஒருத்தி எங்கிட்ட மாவு வாங்குவாளா?"

"போடலைன்னா வேலை போயிடும். இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"எந்த நேரத்துல என் சல்லடையை எடுத்தீங்க? பத்து நாள்! பத்து நாள் பொறுக்க முடியலையா?"

"சலிக்கத் தெரியலைன்னு எழுதிட்டான்டி."

மாவு சலிக்கிறவளுக்கு அது உறைத்திருக்கும். "நாளைக்கு நான் வர்றேன்" என்றாள்.

வந்தாள். அனுமதிச் சீட்டில் வந்த காரணம் 'சண்டை' என்று எழுதச் சொல்லிவிட்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ஐயா, என் மாவுல வண்டு இருக்குன்னு சொல்றீங்களாமே. வந்து சலிச்சுப் பாருங்க. ஒண்ணு இருந்தாலும் நானே கையெழுத்துப் போடறேன், இவரு எதுக்கு?"

இயக்குநர் தர்மசங்கடத்தில் நெளிந்தார். நிறுவனத்துக்கு மணலில்தான் அதிகாரம், மாவில் கிடையாது. சட்டப் புத்தகத்தை ஒரு மணி நேரம் புரட்டினார்கள். கடைசியில் ஒரு சுற்றறிக்கை தயாரானது: 'நாளை காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை மேற்படி கடையிலுள்ள மாவு, மணலாகக் கருதப்படும்.'

அந்தக் காட்சியைக் காணாதவர் தெருவில் இல்லை. குடை வந்தது. நாற்காலி வந்தது. கடை வாசலில் விரிப்பைப் போட்டு மாவைக் குவித்தார்கள். நான்கு மூலையிலும் சம்மட்டியால் அடித்துக் கொடி நட்டார்கள். அடித்த அதிர்ச்சியில் கடைக் கண்ணாடி விரிசல் விட்டது. கண்காணிப்பாளர் மாவைப் பார்த்து மூன்று முறை விசில் ஊதினார். இன்மைத் துறைத் தலைவர் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்து, நல்ல மணல் என்று குறித்துக்கொண்டார். தும்மல் வந்ததைச் சமாளித்தார்.

பிறகு ஜல்லிச் சல்லடையை வெளியே எடுத்தார்கள்.

மாவுக்கடைக்காரிக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "இதுலயா? இதுல பெருச்சாளியே நிக்காதே..." என்று ஆரம்பித்தவள், கொத்தனார் முகத்தைப் பார்த்தாள். கொத்தனார் அவளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுவிட்டாள். அவள் பேசாமல் நின்றதைத் தெரு அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது.

மூன்று ஆட்டு. மாவு சல்லடையில் ஒரு நொடிகூடத் தங்கவில்லை. சுற்றி நின்ற அதிகாரிகள் எல்லாரும் புருவம் வரை வெளுத்துப் போனார்கள்.

"உயிரினம் இல்லை!"

இயக்குநர் நாற்காலி மேல் ஏறிப் பேசினார்.

"இன்னைக்கு அறிவியல் ஜெயிச்சிருக்கு. மாவுல உயிரினம் இல்லை, நிரூபிச்சாச்சு. மணல்ல இல்லைங்கறது ஒன்பது வருஷமா நிரூபிச்சது. ஆக, அந்த வாளியில இருக்கறது மாவுலேர்ந்தும் வரலை, மணல்லேர்ந்தும் வரலை. எங்கேர்ந்தும் வராத ஒண்ணு இருக்க முடியுமா? முடியாது. அதனால அந்த வாளி காலி. காலி வாளியை வெச்சு ஒருத்தர்மேல நடவடிக்கை எடுக்க நாங்க என்ன கொடுங்கோலர்களா?"

கூட்டம் கைதட்டியது. எதற்கு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. மாவுக்கடைக்கு முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று கிடைத்தது: 'இங்கு உயிரினம் இல்லை.' அரசாங்கமே சொன்ன மாவு என்று அன்று மாலையே பக்கத்துத் தெருக்காரர்கள் வரிசை கட்டினார்கள். கொத்தனாரிடம் நிரந்தர ஆணையைக் கண்ணில் காட்டினார்கள், கையில் தரவில்லை. ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. நிறுவனத்தின் காலி வாளியைக் கடற்கரையில் கவிழ்த்து, கழுவி, பண்டகசாலையில் ஒப்படைக்க வேண்டும். கவிழ்த்தபோது அதிலிருந்து எதுவும் விழவில்லை என்று பதிவாளர் அம்மா டிக் அடித்து வந்தால், ஐந்து மணிக்குள் கையெழுத்து ஆகிவிடும்.

இருவரும் நாலரை மணிக்குக் கடற்கரைக்குப் போனார்கள். அம்மாவின் செருப்பு வார் வழியில் அறுந்துபோயிற்று. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக வெறுங்காலோடு அலை வரைக்கும் வந்தார். தண்ணீர் பட்டதும் சின்னப் பெண் மாதிரி 'ஸ்' என்றார்.

நாலு நாளாகத் தண்ணீர் மாற்றி மாற்றிக் காப்பாற்றிய வாளியைக் கொத்தனார் குனிந்து மெல்லச் சாய்த்தார். நாற்பத்து மூன்றும் ஈர மணலில் விழுந்தன. விழுந்த மாத்திரத்தில் திரும்பி, பின்பக்கமாகத் தோண்டி, அடுத்த அலை வருவதற்குள் ஒன்றுகூட வெளியில் இல்லை. அலை வந்து திரும்பியது. திரும்பும் தண்ணீரில் மணல் முழுக்கச் சின்னச் சின்னதாய் மீசைகள் நீட்டிக்கொண்டு தண்ணீரைக் கிழித்தன. நாற்பத்து மூன்று அல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும், ஆயிரமாயிரமாக.

அம்மா பேனாவைத் திறந்தவர் நின்றார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார், வைத்தார், மறு காலைத் தூக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு பரவிக்கொண்டு வந்தது.

"கொத்தனாரே, காலுக்கடியில என்னமோ ஊருது. நிறைய ஊருது. நீங்க சொன்னது நிஜம்தானா?"

கொத்தனார் பாதத்துக்கும் கூசிக்கொண்டுதான் இருந்தது. அவர் மணி என்ன என்று பார்த்தார். ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"அலைதாம்மா அது" என்றார். "டிக் அடிங்க."